புகை வளைந்த இடம்

அந்த அம்மாளிடம் எதையும் பொதுவாகச் சொல்லித் தப்பிவிட முடியாது. "இடுப்பு வலிக்கிறது" என்றால், "எங்க கீது வலி? வெரல வச்சுக் காட்டுங்க" என்பார். குடியிருப்பில் தண்ணீர் சரியாக வருவதில்லை என்று எவரேனும் குறைபட்டுக்கொண்டால், "எந்தக் கொழாய்ல? எத்தினி மணிக்கு? வாங்க, காட்டுங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். குறை சொன்னவர் குறையைக் கைவிட்டு, தம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வதே பெரும்பாலும் நடக்கும். பெங்களூரில் இருந்த மகள் தொலைபேசியில் "நல்லாருக்கேம்மா" என்று சொன்னால்கூட, "எங்க நல்லாக்கீற? வீடியோல வா, மூஞ்சியக் காட்டு" என்று அவர் அதட்டுவது கீழ்த்தளத்து ஜன்னல் வழியே எங்களுக்கெல்லாம் கேட்கும். அந்த மகள் மாதத்துக்கு இரண்டு முறைக்கு மேல் அழைத்ததாக எனக்கு நினைவில்லை.

விஷ்ராந்த்வாடியில் எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில், வண்டிகள் நிறுத்தும் இடத்தை ஒட்டிய வீடு அவருடையது. வேலூர்ப் பக்கத்துக்காரர், கல்யாணமாகிப் புனேக்கு வந்தவர். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றின் பரிசோதனைப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தார். வந்து சேரும் உதிரிப் பாகங்களைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, உள்ளே காற்றைச் செலுத்தி, எங்கே குமிழி எழுகிறதென்று பார்ப்பதே அவர் பணி. ஓய்வு பெற்று, கணவரும் மறைந்த பின், தம் பழைய காரைத் தாமே பழுது பார்த்துக்கொண்டார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, மேலே கணவரின் காக்கிச் சட்டையை மாட்டி, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடியோடு வண்டியின் திறந்த முகப்புக்குள் பாதி உடம்பு மறைய அவர் குனிந்திருக்கும் கோலத்தைக் கண்டு சிரிக்காதவர் எங்கள் குடியிருப்பில் இல்லை. நானும் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் மீதே கோபம் பொங்குகிறது.

ஒருமுறை இரண்டாம் மாடி வீட்டுச் சமையலறைக் கூரையில் நீர் கசிந்தது. மேல்வீட்டில் கோயம்புத்தூரிலிருந்து வந்து மென்பொருள் வேலை பார்த்த இளைஞர் மூவர் வாடகைக்கு இருந்தனர். கல்யாணமாகாதவர்கள் என்ற ஒன்றே போதுமாக இருந்தது, குளியலறையைப் பாழாக்கிவிட்டார்கள் என்று தீர்ப்பு எழுத. வீட்டைக் காலி செய்யச் சொல்வதென்று குடியிருப்புச் சங்கம் கூடிப் பேசியது. அந்தக் கூட்டத்தில் அம்மாள் எழுந்து, துணிக்குப் போடும் நீலம் ஒரு புட்டி வாங்கித் தரும்படி கேட்டார். இளைஞர்களின் குளியலறையில் நீலத்தைக் கரைத்து ஊற்றி இரண்டு நாள் காத்திருந்தார். கீழே ஒழுகிய நீர் தெளிவாகவே ஒழுகியது. பிறகு மொட்டைமாடியில் மழைநீர் இறங்கும் குழாயின் வாயில் ஊற்றினார். மறுநாள் காலை இரண்டாம் மாடிச் சமையலறைக் கூரையில் நீலம் பூத்திருந்தது. சங்கத்தின் தலைவர் அதைப் பார்த்துவிட்டு, அடுத்த கூட்டத்தில், "சரி, குழாயை மாற்றிவிடலாம்" என்றார். இளைஞர்களிடம் எவரும் எதுவும் சொல்லவில்லை. அம்மாள் மட்டும், "அந்தப் பசங்கள நிக்க வச்சுப் பேசினீங்களே, இப்ப நீங்க போயி நில்லுங்க" என்றார். தலைவர் சிரித்தார். அடுத்த பொருளுக்குப் போகலாம் என்று நான்தான் சொன்னேன்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

கண்புரை அறுவைக்குப் பிறகு நான் கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். ஏரவாடாவிலிருந்து தத்தா என்பவர் ஸ்கூட்டரில் காலை எட்டு மணிக்கு வந்து, காரைத் துடைத்து, வாரத்தில் மூன்று நாள் என் மனைவியை முழங்கால் பயிற்சிக்கு அழைத்துச் செல்வார். எஞ்சிய நேரத்தில் எங்கள் கட்டடத்திலேயே இன்னும் மூன்று வீடுகளுக்கு ஓட்டுவார். நான்கு ஆண்டுகள் இப்படியே சென்றன. ஒரு மழைக்காலத்தில், முன்பு பத்து நாள் வந்த பெட்ரோல் ஏழு நாளில் தீரத் தொடங்கியது.

தத்தா இரண்டு முறை என்னிடம் சொன்னார்: "சாகேப், காடீ சீட்டி மார் ரஹீ ஹை." வண்டி சீழ்க்கை அடிக்கிறதாம். நின்ற நிலையில் இஞ்சின் சீராக ஓடாமல் ஏறி இறங்குகிறதென்றும் சொல்லி, முகப்பைத் திறந்து என்னைக் குனிந்து கேட்கச் சொன்னார். என் காதுக்கு எதுவும் எட்டவில்லை. எட்டாததை இல்லாதது என்று முடிவு செய்துகொண்டேன்.

காரை விற்ற கம்பெனியின் பணிமனைக்கு நானே உடன் சென்றேன். கையில் ஏடு போன்ற கணினியை ஏந்திய இளைஞன் ஒருவன் வந்தான். வண்டியில் எரிந்துகொண்டிருந்த எச்சரிக்கை விளக்கை அணைத்தான். மாற்றத் தேவையில்லாத இரண்டு பாகங்களை மாற்றினான். இஞ்சினில் குறையே இல்லை என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, எனக்குப் பெரும் உபகாரம் செய்பவன்போல, "டிரைவர் ரக்கா ஹை க்யா, அங்கிள்?" என்று கேட்டான். ஓட்டுநர் வைத்திருக்கிறீர்களா என்ற அந்த ஒரு கேள்வியில் தன் அறியாமை முழுவதையும் கழுவி இன்னொருவர் தலையில் ஊற்றிவிட்டான். அவனைச் சொல்லி என்ன? நான் தலையை நீட்டி அதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை தத்தாவிடம் சாவியைக் கேட்டேன். காரணம் சொன்னேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"பார்த்தீர்களா, சாகேப்?" என்று மட்டும் இந்தியில் கேட்டார்.

"பார்க்க வேண்டியதில்லை" என்றேன்.

துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து, அதன்மேல் சாவியை வைத்துவிட்டுப் போனார். நான் அத்தோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. குடியிருப்போர் அனைவரும் இருக்கும் வாட்ஸப் குழுவில், இந்த ஓட்டுநர் பெட்ரோல் திருடுகிறார், எச்சரிக்கையாக இருங்கள் என்று நான்கு வரி எழுதினேன். வங்கி மேலாளராக இருந்தவனின் சொல்லல்லவா! கட்டைவிரல்களும் கூப்பிய கைகளும் வரிசையாக வந்து விழுந்தன. மாலைக்குள் மற்ற மூன்று வீட்டாரும் அவரை நிறுத்திவிட்டனர். அவர்களில் ஒருவர்கூட என்னை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டவர் அம்மாள் ஒருவர்தாம். மறுநாள் காலை படியேறி வந்து, உள்ளே அழைத்தும் வராமல், வாசலிலேயே நின்றார்.

"மேனேஜர் சார், குரூப்ல இன்னாமோ போட்டுக்கீறீங்களே, இன்னா அது?"

"படிச்சிருப்பீங்களேம்மா. பெட்ரோல் திருடறான்."

"எங்க?"

"எங்கேன்னா?"

"எந்த எடத்துல எடுத்தான்? டேங்க்ல கொழா வுட்டானா? நீங்க பாத்தீங்களா, வாட்ச்மேன் பாத்தாரா?"

"பெட்ரோல் குறையறதேம்மா. வேற எப்படிக் குறையும்?"

"அத்த தான் நானும் கேக்கறேன். எப்டி கொறையும்? தெரிலன்னா தெரிலன்னு சொல்லுங்க. தெரிலன்னு சொல்ல வாய் வரல, திருடன்னு சொல்ல மட்டும் வருதா?"

எனக்குச் சினம் மூண்டது. கம்பெனிப் பணிமனையிலேயே பார்த்தாயிற்று என்றேன்.

"அவன் கம்பூட்டர பாத்தான், வண்டியப் பாக்கல. அந்தத் தத்தா எங்கிட்டயும் சொன்னான், விசில் வருதுன்னு. வண்டியத் தொறந்து பாக்கலாம்னேன். சாகேப கேக்காம தொறக்கமாட்டேன்னுட்டான். பெரிய திருடன்! சாவியக் குடுங்க."

சாவியைக் கொடுத்தேன். அவர் சொன்னது உண்மையாக இருக்குமோ என்ற ஐயத்தால் அல்ல. அவர் வாயை அடைத்துவிடலாம் என்ற நினைப்பால்.

ஞாயிறு காலை வண்டியை நிழலில் நிறுத்தி முகப்பைத் திறந்தார். முதலில் முகத்தைக் கொண்டுபோய் அங்குலம் அங்குலமாக மோந்து பார்த்தார். பெட்ரோல் வாடை சிறிதும் இல்லையென்று உறுதி செய்துகொண்ட பிறகே இஞ்சினை ஓடவிட்டார். பக்கத்தில் ஒரு வாளி மணலை வைத்தார். பின்பு ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தினார்.

அந்நேரம் பார்த்துப் பால் வாங்கிக்கொண்டு சங்கத்தின் தலைவர் வந்தார். திறந்த வண்டி, புகையும் ஊதுபத்தி, குனிந்து நிற்கும் அம்மாள், கைகட்டி நிற்கும் நான்.

"காகூ, காடீசீ பூஜா கா?" அத்தை, வண்டிக்குப் பூஜையா என்று மராத்தியில் கேட்டு, மேலே நோக்கித் தம் மனைவியையும் கூப்பிட்டார். மாடி முகப்புகளில் தலைகள் முளைத்தன. மதராசிகள் காருக்கும் ஆரத்தி எடுக்கிறார்கள் என்று ஒரு குரல் வந்தது. ஒருவர் படமே எடுத்தார்.

"ஆமா, பூஜைதான்" என்றார் அம்மாள் மராத்தியில், தலை நிமிராமல். "இருங்க, பிரசாதம் வாங்கிட்டுப் போங்க. இந்த சொசைட்டில அல்லாருக்கும் கீது."

இஞ்சினுக்கு வேண்டிய காற்று ஒரு குழாயில் வந்து, நான்கு கிளைகளாகப் பிரிந்து உள்ளே செல்கிறது. அந்தக் கிளைத்தொகுதிக்கு மேனிஃபோல்டு என்று பெயர். அது இஞ்சின் உடலோடு பொருந்தும் இடத்தில், இரண்டு உலோகங்களுக்கும் நடுவே, மெல்லிய தகடு ஒன்று இருக்கும், அதுவே கேஸ்கட். அந்தப் பொருத்து வழியே அம்மாள் ஊதுபத்தியை மெதுவாக நகர்த்தினார். முதல் கிளையருகே புகை நேராக எழுந்தது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதின் அடியில் வந்தபோது, மேலே போய்க்கொண்டிருந்த புகை இழை சட்டென்று வளைந்து, இரும்புக்குள் இறங்கி மறைந்தது.

"எங்க கீதுன்னு கேட்டீங்களே" என்றார். நான் கேட்கவே இல்லை. அதுதான் அவர் சொன்னதன் பொருளும். "இங்க கீது."

ஊதுபத்தியை மணலில் குத்தி அணைத்துவிட்டு, துணி தேய்க்கும்போது நீர் தெளிக்கும் புட்டியை எடுத்து அந்த இடத்தில் தெளித்தார். ஏறி இறங்கிக்கொண்டிருந்த இஞ்சினின் ஓசை திணறித் தாழ்ந்தது. நீர் உறிஞ்சப்பட்டதும் மறுபடியும் ஏறியது. மூன்று முறை செய்து காட்டினார்.

"கணக்குல வராத காத்து இது வழியா உள்ள போவுது. காத்து சாஸ்தியா கீதேன்னு வண்டி தானா பெட்ரோல சாஸ்தி ஊத்திக்கினு கீது. உங்க திருடன் இவன்தான். போங்க, குரூப்ல போடுங்க."

குனிந்து பார்த்தேன். அப்போதுதான் எனக்கும் கேட்டது: மெல்லிய, நூல்போன்ற சீழ்க்கை.

புதிய கேஸ்கட்டை நானா பேட் உதிரிபாகக் கடைகளில் தேடி வாங்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. கடைக்காரர் ஒருவர், அதெல்லாம் வேண்டாம், மேலே பசையைப் பூசிவிடுங்கள் என்று ஒரு குழலை நீட்டினார். அம்மாளிடம் தொலைபேசியில் சொன்னேன். "கீறல் மேல பூசி மறைக்கறதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பாடு? உங்க ஒர்க்ஷாப்காரனே போதுமே" என்று வைத்துவிட்டார்.

இஞ்சின் முற்றிலும் ஆறியிருந்த ஒரு காலைப்பொழுதில் வேலை தொடங்கியது. பேட்டரி இணைப்பைக் கழற்றினார். பெட்ரோல் குழாயின் அழுத்தத்தை முன்பே இறக்கியிருந்தார். ஒவ்வொரு குழலையும் பிடுங்குமுன் கைப்பேசியில் படம் எடுத்து, ஒட்டுத்தாளில் எண் எழுதி ஒட்டினார். மேனிஃபோல்டை விலக்கி, காற்று செல்லும் நான்கு துளைகளிலும் தூசி விழாதபடி என் பழைய வேட்டியைக் கிழித்து நான்கு துண்டுகளாக அடைத்தார். ஒட்டிக்கிடந்த பழைய கேஸ்கட்டை உரித்தெடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மூன்றாம் துளையின் விளிம்பில், நகம் நுழையும் அகலத்தில், கீறல் ஓடியிருந்தது. உலோகத்தின் முகத்தைக் கத்தியால் சுரண்டக் கூடாது, வரி விழும் என்று சொல்லி, காலாவதியான என் ஏடிஎம் அட்டையைக் கேட்டு வாங்கி அதன் விளிம்பால் சுரண்டினார்.

சுரண்டிக்கொண்டே ஒன்றைச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவர் சோதித்து அனுப்பிய பாகங்கள் சில கசிந்தனவாம். கவனக்குறைவு என்று அவருக்கு மெமோ கொடுத்தார்கள். நான்கு மாதம் கழித்து, அழுத்தம் காட்டும் கருவியே பழுதென்று தெரிந்தது. கருவியை மாற்றினார்கள்.

"மெமோவ?" என்றேன்.

"அது ஃபைல்லயே கீது. ரிட்டயர் ஆவற அன்னிக்குப் பாத்தேன். மொத மெமோ நம்பர் மாறாம அப்டியே கீது. கருவி கெட்டுப்போச்சுன்னு ஒருத்தன் ஒரு வரி எழுதல." சுரண்டுவதை நிறுத்தாமலே சொன்னார். "கருவிய மாத்தினாங்க சார், நம்ம மேல எழுதினத மாத்தல."

துணித் துண்டுகளை எடுக்கும் வேலையை என்னிடம் விட்டார். எடுத்தேன். புதிய கேஸ்கட்டை வைக்கப் போனவர், துண்டுகளைப் போட்டிருந்த தட்டைப் பார்த்து நின்றார்.

"நாலு போச்சு. மூணுதான் கீது."

"நாலையும் எடுத்துட்டேம்மா."

"எடுத்தீங்கன்னா காட்டுங்க."

"எடுத்தேன்னு சொல்றேனே! உள்ளே பாருங்க, எல்லாம் காலியாத்தான் இருக்கு."

"காலியாத்தான் தெரியுது. உள்ள தள்ளிட்டிருந்தா? இஞ்சினு துணியத் தின்னுச்சுன்னா வண்டியே பூடும். துணி வராம நான் மூடமாட்டேன்."

விளக்கை உள்ளே செலுத்தி, ஒவ்வொரு துளையாகக் கம்பியின் நுனியால் தடவிப் பார்க்கத் தொடங்கினார். அரை மணி நேரம் போயிற்று. எனக்கு அவமானமாக இருந்தது. இத்தனை வயதில், இத்தனை சொல்லியும், என் சொல்லை இந்த அம்மாள் நம்பவில்லையே என்று உள்ளுக்குள் கொதித்தேன். வியர்வையைத் துடைக்கச் சட்டைப் பையில் கைவிட்டபோது, வேட்டித் துண்டு விரலில் தட்டுப்பட்டது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, நினைவின்றிப் பைக்குள் வைத்திருக்கிறேன்.

அதை அவரிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

"ஒரு சாமான் காணோம். கடைசியா தொட்டது நீங்க. உங்க பையிலேர்ந்தே வருது" என்றார். "உங்கள நான் திருடன்னு சொன்னேனா?"

துண்டைத் தட்டில் மற்ற மூன்றின்மேல் வைத்தார்.

"தேடினேன் சார். தேடறதுன்னு ஒண்ணு கீது."

கேஸ்கட்டைப் பொருத்தி, நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் மாறிமாறிப் போய், ஒரே மூச்சில் இறுக்காமல் மூன்று சுற்றாக நட்டுகளை இறுக்கினார். இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர் ஒன்று அவரிடம் இருந்தது. ஒவ்வொரு முறையும் அதன் எண்ணை என்னைப் படிக்கச் சொன்னார். எல்லாவற்றையும் மாட்டி இஞ்சினை ஓடவிட்டபோது ஓசை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. நீரைத் தெளித்தார், ஒரு மாற்றமும் இல்லை. சீழ்க்கை நின்றுவிட்டது.

அன்று பிற்பகல் குழுவில் எழுதினேன்: வாகனத்தில் தொழில்நுட்பக் கோளாறு கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டது, முந்தைய செய்தியைப் பொருட்படுத்த வேண்டாம். எழுதிய பத்து நிமிடத்தில் அம்மாள் வாசலில் நின்றார். கைப்பேசியை என் முகத்துக்கு நேரே பிடித்திருந்தார்.

"இதுல அவன் பேரு எங்க கீது?"

"புரிஞ்சுப்பாங்கம்மா."

"மொதல்ல போட்டப்ப பேர் போட்டீங்களே. அப்ப புரிஞ்சுக்க மாட்டாங்கன்னா போட்டீங்க? உங்க பேரு எங்க கீது? யாரு தப்பு பண்ணது? இது மேல பூசற பேஸ்ட்டு சார். சுரண்டிட்டு ஒழுங்கா போடுங்க."

அவர் நின்றுகொண்டிருக்கும்போதே மறுபடியும் எழுதினேன். தத்தா திருடவில்லை, என் காரின் கேஸ்கட் கிழிந்திருந்தது, அதை அவர் இரண்டு முறை என்னிடம் சொன்னார், நான் கேட்கவில்லை, பாராமல் பழி சொன்னவன் நான். கீறல் தெரியும்படி கேஸ்கட்டின் படத்தையும் சேர்த்தேன்.

பழி சொன்ன நாளில் நிமிடத்துக்கு ஒன்றாக வந்து விழுந்த கட்டைவிரல்களில் ஒன்றுகூட இப்போது வரவில்லை. அத்தனை விரல்களும் எங்கே போயின? மூன்று வீட்டாரையும் நேரில் சென்று பார்த்தேன். ஒருவர் வேறு ஆள் வைத்துவிட்டதாகச் சொன்னார். மற்றொருவர், பார்க்கலாம் என்றார். மூன்றாமவர் என்னைத் தேநீர் அருந்தச் செய்து, "கேஸ்கட் சரிதான். ஆனாலும் ஒருவரைப்பற்றி இவ்வளவு பேச்சு வந்திருக்கிறதென்றால், ஏதோ இல்லாமலா வந்திருக்கும்?" என்றார். அந்தப் பேச்சை உண்டாக்கிய நான் அவர் எதிரில் அமர்ந்து அவர் பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தேன். குடியிருப்புச் சங்கத்தின் தலைவரோ, முடிந்ததைக் கிளறாதீர்கள், கட்டடத்தின் பெயர் கெடும் என்றார். கட்டடத்துக்குக் கெடுவதற்கு ஒரு பெயர் உண்டு. தத்தாவுக்கு மட்டும் அது இல்லைபோலும்.

அம்மாளிடம் போய்ச் சொன்னேன். உள்ளே சென்று பழைய கேஸ்கட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"இத்த எடுத்துகினு ஏரவாடா போங்க. நான் வரமாட்டேன். சொன்னது நீங்க. அவன் கையில குடுத்துக் காட்டிட்டுத் திரும்பக் கொண்டாங்க. நோட்டீஸ் போர்டுல குத்தணும். படத்த போன்ல தள்ளிட்டுப் போயிடுவாங்க. லிஃப்டுக்கு நிக்கறவன் இத்த பாத்துத்தான் ஆவணும்."

ஆட்டோவில் போய்ச் சந்து வாயிலில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு நடந்தேன். நான்கு ஆண்டு என் வீட்டுக்கு வந்தவரின் வீடு எங்கே என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தத்தா ஸ்கூட்டருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தத்தா எழுந்து நின்றார். அந்த மரியாதை என்னைக் குத்தியது. நடந்ததை எல்லாம் சொல்லி, குழுவில் எழுதியதைப் படித்துக் காட்டி, மன்னிப்புக் கேட்டேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி இது: "சீட்டி பந்த் ஹுயீ?"

சீழ்க்கை நின்றுவிட்டது என்றேன். தலையசைத்தார். மறுபடியும் வேலைக்கு வாருங்கள் என்றேன். ஹடப்சரில் ஒரு கம்பெனி வேனுக்கு விடுப்புக்கால ஓட்டுநராகப் போகிறேன், தூரம்தான், இருந்தாலும் போகட்டும் என்றார். வரமாட்டேன் என்று ஒரு சொல்லாலும் சொல்லவில்லை.

கேஸ்கட்டை அவர் கையில் வைத்தேன். விரலால் தடவிக்கொண்டே போய் மூன்றாம் துளையில் நின்றார். மனைவிக்குக் கேட்காத குரலில், "சாகேப், இதை எனக்குக் கொடுங்கள்" என்றார்.

"எதற்கு?"

"வீட்டில் காட்டவேண்டும்."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நாலு வீடும் ஒரே நாளில் போயிற்று. நாலு பேரும் பொய்யா சொல்வார்கள் என்று கேட்கிறாள். திட்டவில்லை, சாகேப். கேட்கிறாள்."

கொடுத்தேன். அவர் மனைவியை அழைத்தார். கேஸ்கட்டை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து, கீறலின் மீது விரலை வைத்து, "இங்கே பார்" என்றார். அந்தப் பெண் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார். தத்தா கேஸ்கட்டைச் செய்தித்தாளில் சுற்றி, கீறல் மேலும் கிழியாதபடி தட்டையாக வைத்து, சட்டைக்குள் செருகிக்கொண்டார். அண்ணன் வீட்டிலும் காட்டவேண்டுமாம்.

வெறுங்கையோடு திரும்பி வந்து அம்மாளிடம் சொன்னேன். அவர் அதற்குள் வாட்ச்மேனிடம் சாவி வாங்கி அறிவிப்புப் பலகையின் கண்ணாடிக் கதவைத் திறந்து, நடுவில் ஒரு சாண் இடம் ஒழித்து, அதன் கீழே மராத்தியிலும் ஆங்கிலத்திலும் 'இதுதான் திருடன்' என்று பெரிதாக எழுதிய தாளைக் குத்தி வைத்திருந்தார்.

"பொண்டாட்டிக்கே காட்ட வேண்டியதா பூடுச்சா?" என்றார். வேறெதையும் காட்டச் சொல்லவில்லை. பலகையின் கதவைச் சாத்திப் பூட்டி, சாவியைக் காக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தம் வீட்டுக்குள் போனார்.

தாளை எடுக்கும்படி தலைவர் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தார். "யாரு பேரும் போடலியே, உங்களுக்கு இன்னாத்துக்கு உறுத்துது?" என்பதே பதில். அடுத்த ஆண்டு மகளோடு இருக்கப் பெங்களூருக்குப் போகும்வரை அவர் சாவியைத் தரவில்லை. அதுவரை லிஃப்டுக்குக் காத்து நின்றவர்களெல்லாம் அந்தத் தாளையும், அதற்கு மேலே ஒன்றும் குத்தப்படாத இடத்தையும் பார்த்தபடியே நின்றார்கள். பின்னால் கறுப்புத் துணி, முன்னால் கண்ணாடி. நிற்பவர் முகம் அந்த வெற்றிடத்தில், தாளுக்கு நேர் மேலே, தெளிவாகத் தெரியும். உயரமானவர்கள் சற்றுக் குனிய வேண்டியிருந்தது. எனக்குக் குனியவே வேண்டியிருக்கவில்லை.